டெண்டர் எழுதும் முன் நெல்லை அரைத்துப் பாருங்கள்



வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவு. விண்ணப்பங்களும் திட்ட அறிக்கைகளும் என் மேசைக்கு வரும். படிப்பேன், ஓரத்தில் குறிப்பு எழுதுவேன், சிலவற்றுக்குக் கையெழுத்துப் போடுவேன், பலவற்றைத் திருப்பி அனுப்புவேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் நஞ்சில்லாமல் நெல் போட ஆரம்பித்தேன். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், "சார் பேங்க்ல இருந்தவரு, எழுத்து வேலையெல்லாம் அவரு பாத்துக்குவாரு" என்று கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். பிறர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத் தானே எழுதவும் தெரியும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்புக்கு எங்கள் நிறுவனம் கொடுத்த விலை ஏறத்தாழ 86,700 ரூபாய். அந்தக் கதையைச் சொன்னால் மற்ற குழுக்களாவது தப்பிக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஜெயித்துத் தோற்ற கதை

எங்கள் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்வி நிறுவனம். அதன் மாணவர் விடுதிக்கு இயற்கை முறையில் விளைந்த தூயமல்லி புழுங்கல் அரிசி வேண்டும் என்று விலைப்புள்ளி கேட்டார்கள். மொத்தம் 12,000 கிலோ. ஜூன் முதல் மார்ச் வரை மாதம் 1,200 கிலோ. விடுதி வாசலில் இறக்கித் தர வேண்டும். பில் கொடுத்து 45 நாளில் பணம். ஒப்பந்த மதிப்பில் 5 விழுக்காடு பிணைத்தொகை கட்ட வேண்டும்.

தை அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடந்த நேரம். உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். நான் கணக்குப் போட்டேன். 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி. நெல், அவியல், அரவை, வண்டி, சாக்கு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 56 ரூபாய். மேலே இரண்டு ரூபாய் வைத்து 58 என்று எழுதினேன்.

உறை பிரித்தபோது எங்களுடையதுதான் குறைந்த விலை. அடுத்தவர் 64. எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். அடுத்தவனுக்கும் நமக்கும் ஆறு ரூபாய் வித்தியாசம் வந்தால், ஒன்று அவன் பேராசைக்காரன், இல்லையென்றால் நாம் எதையோ மறந்துவிட்டோம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மறந்தது என்ன என்பது ஆவணி வாக்கில் தெரிந்தது. 65 கிலோ என்பது ஆலைக்காரர் வாய்க்கணக்கு. கல், கருக்கா, நொய் நீக்கி, வண்டு விழுந்தது போக எங்களுக்குக் கிடைத்தது 58 கிலோதான். 12,000 கிலோ அரிசிக்குப் போதும் என்று 18,500 கிலோ நெல் வாங்கி வைத்திருந்தோம். அதில் கிடைத்த அரிசி 10,700 கிலோ. பிப்ரவரி லோடுக்கே 100 கிலோ குறைந்தது. மார்ச் மாதத்துக்கு ஒரு மணி இல்லை. மற்ற உறுப்பினர்கள் கையிலும் அந்த நேரம் பழைய நெல் இல்லை.

அப்போதுதான் ஒரு வியாபாரி வந்தார். "தூயமல்லிதான் சார். உரம் போட்டதா போடாததான்னு அரிசியப் பாத்தா தெரியவா போகுது?" என்றார். விலையும் நம் விலையை விடக் குறைவு. நிர்வாகக் குழுவில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். ஒரு மாதம்தானே, நஷ்டத்தையாவது குறைக்கலாமே என்று ஒரு பக்கம். நானும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்தான் இருந்தேன், மறைக்க விரும்பவில்லை. கடைசியில் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா எழுந்து, "அந்தப் புள்ளைங்க திங்குற சோறுய்யா அது. பணம் போனா அடுத்த போகத்துல வரும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

விடுதிக்கு உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதினோம். பிணைத்தொகையில் பாதியை, அதாவது 17,400 ரூபாயை, பிடித்துக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்.

சரியான கணக்கு எது?

உண்மையான கணக்கைப் பின்னால் உட்கார்ந்து போட்டோம். உங்கள் ஊர் கூலியும் விலையும் வேறாக இருக்கும். தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

100 கிலோ நெல்: ரூ.3,000
அவியல், அரவைக் கூலி: ரூ.350
ஆலைக்கு வண்டி, ஏற்றுகூலி, இறக்குகூலி: ரூ.100
கழிக்க வேண்டியது, தவிடும் நொய்யும் விற்ற வரவு: ரூ.250
நிகரச் செலவு: ரூ.3,200
கிடைக்கும் அரிசி 58 கிலோ. ஆக, ஒரு கிலோவுக்கு: ரூ.55.17

இதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும்:
சாக்கு, தையல்: ரூ.1.00
விடுதி வரை வண்டி: ரூ.2.00
வட்டி: ரூ.4.31
கணக்கர் சம்பளம், தணிக்கை, மின்சாரம்: ரூ.2.00
அடக்கவிலை: ரூ.64.48

நாங்கள் எழுதியது 58. கிலோவுக்கு 6.48 நட்டம். 10,700 கிலோவுக்கு 69,336 ரூபாய். பிடித்த பிணைத்தொகையைச் சேர்த்தால் 86,736.

வட்டியைப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு மாசியிலேயே பணம் கொடுத்துவிட்டோம், வங்கிக் கடன் வாங்கித்தான். அரிசி ஜூன் தொடங்கி மார்ச் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. பணம் அதற்கும் ஒன்றரை மாதம் கழித்து வருகிறது. சராசரியாக ஒரு கிலோ அரிசிக்கான நெல் விலை, அதாவது 51.72 ரூபாய், ஏறத்தாழ பத்து மாதம் முடங்கிக் கிடக்கிறது. 10 விழுக்காடு வட்டி என்றாலும் 4.31 ரூபாய். வாழ்நாள் முழுக்க வட்டிக் கணக்குப் போட்டவன் வட்டியை மறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது வட்டி வரவு. இந்தப் பக்கம் வந்தால் அது செலவு என்பது கைக்குப் பழகவில்லை.

அதனால் என் முதல் பரிந்துரை: விலை எழுதும் முன் அந்த ஆண்டு நெல்லில் இரண்டு மூட்டையைக் கொண்டுபோய், அவர்கள் கேட்கும் பதத்தில் அவித்து அரைத்து, சலித்து, எடை போட்டுப் பாருங்கள். ரகத்துக்கு ரகம், ஆலைக்கு ஆலை, ஈரப்பதத்துக்கு ஏற்ப அளவு மாறும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வந்த கணக்கு தூயமல்லிக்கு ஆகாது.

இரண்டு தாள், இரண்டு வேலை

நம் ஆட்கள் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. டெண்டர் என்கிற ஒப்பந்தப்புள்ளிக்கு நாம் எழுதுவது பதில். அவர்கள் கேட்டதற்கு, கேட்ட வரிசையில், கேட்ட படிவத்தில் சொல்ல வேண்டும். அங்கே நம் கொள்கை விளக்கத்துக்கு இடமில்லை. பசுமைப் புரட்சி மண்ணைக் கெடுத்த கதையை நான் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். அதே சமயம் அவர்கள் கேட்ட ஈரப்பதம், நொய் விழுக்காடு பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

திட்ட அறிக்கை அப்படியில்லை. ஒருவரும் கேட்காமல் நாமாகப் போய், "இதைச் செய்யப் போகிறோம், இவ்வளவு பணம் வேண்டும், இப்படித் திருப்பித் தருவோம்" என்று சொல்வது. அங்கே நாம் யார், ஏன் நம்மை நம்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளியை எப்படிப் படிப்பது?

மூன்று முறை படியுங்கள். முதல் முறை, நம்மால் முடியுமா என்று பார்க்க. அளவு, காலம், இடம், பணம் தரும் நாள். முடியாது என்றால் அங்கேயே மூடி வைத்துவிடலாம். டெண்டர் போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

இரண்டாம் முறை பென்சிலோடு. "வேண்டும்", "இணைக்கப்பட வேண்டும்", "தவறினால்" என்று வரும் ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடுங்கள். அதை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் அதுவே உங்கள் சரிபார்ப்புப் பட்டியல். நிறுவனப் பதிவுச் சான்று, பான், ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம், தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழுத் தீர்மான நகல் என்று வரும். தீர்மான நகலைத்தான் நம் ஆட்கள் மறப்பார்கள். யார் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் என்று காட்டும் தாள் அது.

மூன்றாம் முறை, புரியாததைக் குறிக்க. விலை வரியோடு சேர்த்தா, வரி இல்லாமலா? 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை. கடைகளில் 26 கிலோ பை வந்த ரகசியம் இதுதான். நிறுவனங்களுக்கு நேரடியாகத் தருவதற்குத் தனி விதி உண்டு என்பதால் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கடைசி நாளுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் நம்மைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். வங்கியில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேள்வி கேட்பவரைத்தான் விவரமானவர் என்று நினைப்போம்.

அரசுத் துறை, உள்ளாட்சி, அரசு நிறுவனங்கள் என்றால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். காலம் கடந்து வரும் உறையை ஏற்க மாட்டார்கள். உறை பிரிக்கும்போது கலந்துகொண்டவர்கள் நேரில் இருந்து பார்க்கலாம். கட்டாயம் போங்கள். தோற்றாலும் மற்றவர்கள் விலையைக் கேட்டு வரலாம். அது காசு கொடுத்தாலும் கிடைக்காத படிப்பு.

பல டெண்டர்கள் இரு உறை முறையில் வரும். முதல் உறையில் தகுதியும் தொழில்நுட்ப விவரமும். இரண்டாவதில் விலை மட்டும். முதல் உறையில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். விலையை முதல் உறைத் தாளில் எங்காவது எழுதிவிட்டால் மொத்தமும் தள்ளுபடி ஆகலாம்.

முன்வைப்புத் தொகையைக் கேட்டு மிரள வேண்டாம். நடுவண் அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, நடுவண் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அத்தகைய நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை விலக்கும் உண்டு. உத்யம் பதிவுச் சான்று இருக்க வேண்டும். டெண்டர் தாளில் விலக்குப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சான்றை இணையுங்கள். பணமும் கட்டாமல் சான்றும் வைக்காமல் விட்டால் உறை அங்கேயே நின்றுவிடும்.

"இயற்கை" என்று எழுதினால் போதுமா?

போதாது. நமக்கு நம் நிலம் தெரியும். வாங்குபவருக்குத் தாள்தான் தெரியும். குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து குழுவாகச் செய்யும் பிஜிஎஸ் பங்கேற்புச் சான்று ஒரு வழி. தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை மூலம் பெறும் மூன்றாம் தரப்புச் சான்று இன்னொரு வழி. டெண்டரில் எது கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சான்று எதுவானாலும், எந்த உறுப்பினரின் எந்த வயலிலிருந்து எந்த நாளில் எத்தனை மூட்டை வந்தது, எந்த நாளில் அரைத்தோம் என்று ஒரு பேரேடு வையுங்கள். அதில் ஒரு பக்கத்தின் நகலை டெண்டரோடு வையுங்கள். நம் கொள்கையைப் பற்றி நான் எழுதிய அந்த இரண்டு பக்கத்தை விட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

வங்கிக்கு எழுதும்போது

இங்கே ஒரு பழைய கதை. பணியில் இருந்தபோது ஒரு மகளிர் குழு மரச்செக்குப் போடக் கடன் கேட்டு வந்தது. யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதித் தந்த அறிக்கை. வேறு ஏதோ மாவட்டத்துப் பெயர் கூட உள்ளே மாற்றப்படாமல் இருந்தது. "விவரம் போதாது" என்று மூன்று முறை திருப்பினேன். நான்காம் முறை அவர்கள் வரவில்லை. எந்த விவரம் போதாது என்று ஒரு முறையாவது உட்கார வைத்துச் சொன்னேனா? சொல்லவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தேடுவது ஐந்து கேள்விக்கான விடை.

ஒன்று, நீங்கள் யார்? எத்தனை உறுப்பினர், எத்தனை ஆண்டாக என்ன விற்றீர்கள்? ஊதிச் சொல்ல வேண்டாம். சின்னக் கணக்காக இருந்தாலும் தணிக்கை செய்த கணக்குக்குத்தான் மதிப்பு.

இரண்டு, பணம் எதற்கு? "இயந்திரம் வாங்க" என்றால் போதாது. எந்தத் திறன், யாருடைய விலைப்பட்டியல், எங்கே நிறுவுவது, மின் இணைப்பு இருக்கிறதா?

மூன்று, யார் வாங்குவார்? "இயற்கை உணவுக்குத் தேவை பெருகி வருகிறது" என்ற வரியை ஆயிரம் அறிக்கையில் படித்துவிட்டேன். அதற்குப் பதில் மூன்று கடைக்காரரின் கடிதமும், போன ஆண்டு பில் நகல்களும் வையுங்கள்.

நான்கு, எப்படித் திரும்பும்? மாதவாரியாக வரவு செலவு போடுங்கள். அறுவடை மாதத்தில் பணம் வெளியே போகும், தவணை மாதத்தில் உள்ளே வர வேண்டும். வரவு வராத மாதத்தில் தவணை வைத்துக்கொண்டு பின்னால் தவிக்காதீர்கள். தவணை தொடங்கும் காலத்தை நாமே கேட்டுப் பெறலாம்.

ஐந்து, தப்பாகப் போனால்? மழை கெடுத்தால், விலை விழுந்தால் என்ன செய்வீர்கள்? இதை எழுதினால் கடன் கிடைக்காது என்று மறைப்பார்கள். தலைகீழ். ஆபத்தே இல்லை என்று எழுதும் உழவரை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

நடைமுறை மூலதனத்தில் ஒரு நுணுக்கம். சிறு நிறுவனங்களுக்கு நாயக் குழு முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு தேவை என்று வைத்து, 20 விழுக்காட்டை வங்கி தரும், 5 விழுக்காடு நம் பங்கு. 40 லட்சம் விற்பனை என்றால் வங்கி 8 லட்சம், நாம் 2 லட்சம். ஆனால் இது பணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வரும் தொழிலுக்கான கணக்கு. நமக்கோ தையில் வாங்கிய நெல் அடுத்த தை வரை விற்கிறது. அதனால் மாதவாரி இருப்புப் பட்டியலை இணைத்து, எங்கள் சுற்று நீளமானது என்று எழுதிக் கேளுங்கள். அதுவும் போதாவிட்டால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லை வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடன் இருக்கிறது.

கிடங்கு, சலிப்பு இயந்திரம் போன்றவற்றுக்கு 2020இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை, அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கு, என்று வைத்தார்கள். எழுதத் தொடங்கும் முன் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று சொல்வேன்: மானியத்தைக் கழித்தால்தான் லாபம் என்று வரும் திட்டம் நல்ல திட்டமில்லை. மானியம் வராவிட்டாலும் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யார் எழுதுவது?

நீங்களேதான். முதலில் தமிழில், நாம் பேசுவது போல எழுதுங்கள். குழுவில் உரக்கப் படியுங்கள். களத்தில் நிற்கும் உறுப்பினருக்குப் புரியாத வரி அதிகாரிக்கும் புரியாது. ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். எண்களை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். என் முதல் தவறே அதுதான். 58 ரூபாயை நான் ஒருவனே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தேன். சார் போட்ட கணக்கு என்று ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கூட்டத்தில் வைத்திருந்தால், நெல் அவிக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார், "65 எல்லாம் வராது சார்" என்று. பின்னால் சொன்னார்.

மறு ஆண்டு அதே விடுதி மீண்டும் விலைப்புள்ளி கேட்டது. நெல்லை அரைத்துப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டு, 67 ரூபாய் என்று எழுதினோம். பேரேட்டின் நகலும், போன ஆண்டு தவறிய ஒரு மாதத்துக்கான காரணமும் இரண்டு வரியில் வைத்தோம். பெரிய ஆர்டர் குறைந்த விலைக்காரருக்குப் போனது. ஒரு வாரம் கழித்து விடுதி மேலாளர் அழைத்தார். மாதம் 400 கிலோ நம்மிடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அரிசி தீர்ந்ததும் வேறு எதையோ கொடுத்து ஒப்பேற்றாமல் கடிதம் எழுதியவர்கள் நீங்கள்தானே என்று கேட்டாராம், எங்கள் செயலாளரிடம்.

400 கிலோ சின்ன அளவுதான். ஆனால் ஒவ்வொரு கிலோவிலும் உறுப்பினருக்கு 30 ரூபாய் நெல் விலை போக நிறுவனத்துக்கும் இரண்டரை ரூபாய் நிற்கிறது. போன நட்டத்தை அடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அந்த அம்மா சொன்ன மாதிரி, அடுத்த போகத்தில் வரும்.

உங்கள் குழுவுக்கு ஏதாவது டெண்டர் தாள் வந்திருந்தால், இந்த மாதக் கூட்டத்திலேயே எடுத்து உரக்கப் படியுங்கள். பென்சிலும் இரண்டு மூட்டை நெல்லும் தயாராக இருக்கட்டும்.